ஆங்கிலச் சொற்களை வீட்டில் படிக்கும் முறை: பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். 6, 7, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகள் இனி ஆங்கிலச் சொற்களை ஐந்து முறை, பத்து முறை எழுதிக்கொண்டு வர வேண்டியதில்லை. அந்த வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக வாரத்துக்குப் பத்துச் சொல் அட்டைகள் வீட்டுக்கு வரும். தினமும் பத்து நிமிடம் அவற்றை வைத்துக் கேள்வி கேட்கும் வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். ஆங்கிலம் படிக்காத அம்மாவோ தாத்தாவோ கூட இதை நடத்தலாம்; அதற்கு ஏற்றபடியே அமைத்திருக்கிறோம்.

எழுதுவதை ஏன் நிறுத்தினோம் என்று கேட்பீர்கள். பிள்ளை பத்து முறை எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். முதல் இரண்டு வரியைச் சொல்லாக எழுதும். பிறகு முதல் எழுத்தை மேலிருந்து கீழாக வரிசையாகப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இரண்டாம் எழுத்தைப் போடத் தொடங்கும். நோட்டு நிரம்பும், மனத்தில் ஒன்றும் ஏறாது. பார்க்காமல் நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதுதான் சொல் தங்கும். அந்தத் தேடலையும் ஒரே இரவில் முடித்துவிட்டால் பயனில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன் நினைவையே சோதித்து 1885 இல் வெளியிட்ட ஆய்வு, படித்தது முதல் சில மணி நேரத்தில் வேகமாக மறந்து, பிறகுதான் மறதி மெதுவாகிறது என்று காட்டியது. அதனால் திங்கட்கிழமை வந்த சொல்லைச் செவ்வாய்க்கிழமை கட்டாயம் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு நாள் தவறினால் சொல்லைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவது கடினமாகும்.

அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை போதும். ஏறத்தாழ 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் கைக்கு அடக்கமாக இருக்கும். ஒரு பக்கம் தமிழ்ப் பொருள். மறுபக்கம் ஆங்கிலச் சொல், அதன் கீழே பிள்ளையே அமைத்த ஒரு சிறு வாக்கியம். வாக்கியத்தை ஆசிரியர் திருத்திய பிறகே அட்டை வீட்டுக்கு வரும்.

தமிழ்ப் பக்கத்தை எழுதுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ‘கேள்’ என்று மட்டும் எழுதினால் ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் விடையாக வரும். ‘கேள்வி கேள்’, ‘காதில் விழு’, ‘கவனித்துக் கேள்’ என்று பிரித்து எழுத வேண்டும். ‘விரல்’ என்று எழுதினால் ஃபிங்கரா, டோவா என்று தெரியாது. கைவிரல், கால்விரல் என்று எழுதுங்கள். ‘கடன்’ என்பதும் அப்படியே. கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருந்தாலும் பாடத்தில் வரும் பொருளை மட்டும் எழுதினால் போதும். கரண்ட் என்றால் மின்சாரம் என்று வீட்டிலேயே தெரியும். சமூக அறிவியலில் கடல் நீரோட்டத்துக்கும் அதே சொல் வரும்போது அதற்குத் தனி அட்டை போடலாம்.

ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுத விடாதீர்கள். இந்தக் கடிதத்தில் நாங்கள் அப்படி எழுதுவது உங்கள் வசதிக்காக. பிள்ளைகளுக்கு அது கெடுதல். கோட் என்று எழுதினால் சட்டைக்கு மேல் போடுவதா, வெள்ளாடா? ட்ரை என்றால் முயற்சி செய்வதா, உலர்ந்ததா? நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும் சேர்ந்தே குழம்பும். ஒலியை ஆசிரியரிடமோ, கைபேசி அகராதியின் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டோ காதால் கேட்கட்டும். கைபேசியின் வேலை அவ்வளவுதான். பொருளை அதில் தேடிக்கொண்டே இருந்தால் நினைவிலிருந்து தேடும் பழக்கம் வராது.

இனி, கேட்கும் முறை. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறையைச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம். மூன்று பழைய கவர்கள் எடுத்து 1, 2, 3 என்று எண் போடுங்கள். திங்களன்று ஐந்து, புதனன்று ஐந்து என வரும் புதிய அட்டைகள் முதல் கவருக்குப் போகும். முதல் கவரைத் தினமும் கேளுங்கள், இரண்டாவதைச் செவ்வாய், வெள்ளி, மூன்றாவதை ஞாயிறு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கவருக்குப் போகும். தவறிய அட்டை எந்தக் கவரில் இருந்தாலும் முதல் கவருக்குத் திரும்பும். மூன்றாவதையும் தாண்டியவற்றை மாதக் கடைசியில் வகுப்பில் நாங்கள் கேட்போம்.

புதிய அட்டையை வந்த அன்று மட்டும் ஆங்கிலப் பக்கம் காட்டிப் பொருள் கேளுங்கள், அது எளிது. மறுநாள் முதல் தமிழ்ப் பொருளை நீங்கள் வாசிக்க, பிள்ளை ஆங்கிலச் சொல்லை வாயால் சொல்லி, ஒரு தாளில் எழுதட்டும். பிறகு அட்டையைத் திருப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடட்டும். ரிசீட் என்ற சொல்லில் ஒலிக்காத பி எழுத்தும், ஐலண்ட் என்ற சொல்லில் ஒலிக்காத எஸ் எழுத்தும் அப்போதுதான் கண்ணில் படும். விடை வராவிட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். பத்து விநாடி காத்திருங்கள். பிறகு முதல் எழுத்தை மட்டும் காட்டுங்கள். முதல் எழுத்தைக் காட்டிச் சொன்ன அட்டை முதல் கவருக்கே போகட்டும்.

அட்டைக் கட்டு உங்கள் கையில் இருப்பது நல்லது. பிள்ளையிடம் இருந்தால் கடினமான அட்டை மெல்ல அடியில் போய்விடும். தவறியதற்குத் திட்டினாலும் அதேதான் நடக்கும், ஆகவே திட்ட வேண்டாம். முதல் கவரில் பதினைந்து அட்டைக்கு மேல் தேங்கினால் புதியவை வேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். பளு கூடிவிட்டது என்பதே அதற்குப் பொருள், பிள்ளை மந்தம் என்பதல்ல.

எதிர்ச்சொற்களை ஜோடியாகக் கற்பிக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. அசெண்ட், டிசெண்ட் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் எது ஏறுவது, எது இறங்குவது என்ற குழப்பம் வெகுநாள் போகாது. ஒன்று மூன்றாவது கவருக்குப் போன பிறகே மற்றதைக் கொடுக்கிறோம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரே பொருள் தரும் சொல்லும் எதிர்ச்சொல்லும் ஒரு மதிப்பெண் கேள்விகளாக வருவது எங்களுக்குத் தெரியும். முதற்சொல் உறுதியான பின் அதே அட்டையில் இவற்றைச் சேர்க்கலாம்.

வாரத்துக்குப் பத்து மட்டும்தானா என்ற கவலை சிலருக்கு இருக்கும். 30 வாரத்தில் 300 சொல், மூன்று வகுப்பில் 900. அன்றைய வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மைக்கேல் வெஸ்ட் 1953 இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலே ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள்தான் (கிளைச்சொற்களைத் தனியாக எண்ணாத அடிச்சொற்கள்). அடிக்கடி வரும் சொற்களே முதலில் தேவை. எக்ஸ்ப்ளெயின், கம்பேர், அரேஞ்ச் போன்றவை கணக்கு, அறிவியல் வினாத்தாளிலும் வருகின்றன. இவை புரியாமல், தெரிந்த பாடத்திலேயே மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தடித்த அகராதியிலிருந்து அரிய சொற்களைப் பொறுக்கி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு சொல் வேரூன்றினால் அதன் கிளைகளும் வரும்: யூஸ் தெரிந்தால் யூஸ்ஃபுல், யூஸ்லெஸ், ரீயூஸ் எளிது.

வீட்டிலுள்ள பிஸ்கட் பாக்கெட், சோப்பு உறை, மாத்திரை அட்டை இவற்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். ‘ஸ்டோர் இன் எ கூல், ட்ரை பிளேஸ்’ என்ற வரியில் ஸ்டோர் என்பது கடையல்ல, ‘பத்திரமாக வை’ என்ற கட்டளை. இப்படிப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த சொல்லை வாரத்துக்கு ஒன்று வகுப்புக்குக் கொண்டுவரலாம். அதற்கும் அட்டை போடுவோம்.

வரும் திங்கட்கிழமை மூன்று கவர்களையும் பத்து வெற்று அட்டைகளையும் கொடுத்தனுப்புங்கள். இரவில் வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் கேட்கலாம். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகளைக் காலை 8.45 மணிக்கு அனுப்புங்கள், எட்டாம் வகுப்பு மாணவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். ஐயம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்கு ஆங்கில ஆசிரியர்கள் இருப்பார்கள், நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்