நண்பர் மகளிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்லுங்கள்

அமெரிக்க மருத்துவமனைகளில் எலும்பியல் ரெசிடென்சித் தேர்வுக் குழுக்களில் இருக்கும் தமிழ் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டு பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் உங்களில் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய நண்பரின் மகள், மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி, வரும் கோடையில் எந்தெந்த மருத்துவமனைகளுக்கு வெளி ரொட்டேஷன் கேட்கப்போகிறாள் என்று அவரிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது பெயரில் அவர் நிறுத்தினார். "அங்கே வேண்டாம்மா. மாதத்துக்கு எட்டுப் பேரைக் கூப்பிடுவார்கள். இருப்பது ஐந்து இடம். அதிலும் பாதி அவர்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கே போய்விடும்" என்றார். அந்தப் பெண் கைப்பேசியைத் திறந்து பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அழித்தாள். சாம்பார் வாளி எங்களை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்படி ஒரு வார்த்தை 2022 கோடையில் எனக்குக் கிடைத்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும், 4,000 டாலருக்கு மேற்பட்ட கடனும் ஏறியிருக்காது. நான் போனது அவர் சொன்ன மருத்துவமனை இல்லை, வேறொன்று. ஆனால் கணக்கு அதே கணக்குதான்.

தெரிந்த பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. அந்த வரிசையில் நிற்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எல்லா ரெசிடென்சித் திட்ட இயக்குநர்களுக்கும் பொதுவாக எழுதியது போல் ஆகிவிடும். நீங்கள் தனியாகப் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சிறு விளக்கம். மருத்துவப் பட்டம் பெற்ற பின் ஒரு துறையில் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சிதான் ரெசிடென்சி; அதில் இருப்பவர் ரெசிடென்ட். மருத்துவக் கல்லூரியின் கடைசி ஆண்டில், தன் கல்லூரி மருத்துவமனையை விட்டு வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போய்ப் பொதுவாக நான்கு வாரம் வேலை செய்வதுதான் வெளி ரொட்டேஷன். தாளில் அது ஒரு விருப்பப் பாடம். நடைமுறையில் நான்கு வாரம் நீளும் நேர்முகத் தேர்வு. எலும்பியலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 ரெசிடென்சி இடங்கள்தான் இருக்கின்றன. கேட்டு வருவோர் அதைவிடப் பல நூறு பேர் அதிகம். அதனால் செப்டம்பர் இறுதியில் விண்ணப்பம் போவதற்கு முன்னும் பின்னுமாக மாணவர்கள் இரண்டு, மூன்று என்று வெளி ரொட்டேஷன் போகிறார்கள். உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரி இறுதியிலிருந்து மதிப்பெண்ணை விட்டு வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாறியது. ஆட்களைப் பிரித்துப் பார்க்க இருந்த ஓர் எண் போனது. நேரில் பார்த்த முகத்துக்கு மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

என் இடங்களை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்குப் புரியும். எங்கள் குடும்பத்தில் மருத்துவர் யாரும் இல்லை. பன்னிரண்டு வயதில் கோவையிலிருந்து வந்தேன். அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி. மருத்துவமனைகளின் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ஆர்வமுள்ள மாணவர்களை வரவேற்கிறோம். எத்தனை பேரை வரவேற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரை நேர்முகத்துக்கு அழைக்கிறார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறது என்பது எங்கும் இல்லை. தரவரிசைப் பட்டியல், வரைபடம், மேல் வகுப்பு மாணவர் ஒருவர் காதில் விழுந்ததாகச் சொன்ன செய்தி ஆகிய மூன்றையும் வைத்து முடிவெடுத்தேன். வாழ்நாள் தொழிலைத் தீர்மானிக்கும் முடிவு அது.

பொது விண்ணப்பத் தளம் வழியாக 19 மருத்துவமனைகளில் வெளி ரொட்டேஷன் கேட்டு விண்ணப்பித்தேன். சில இடங்கள் பிப்ரவரியில் கதவைத் திறந்தன, சில ஏப்ரலில். ஒவ்வோர் இடத்துக்கும் தடுப்பூசிச் சான்று, ஹெபடைடிஸ் பி எதிர்ப்பாற்றலுக்கு ரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை, போதைப்பொருளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சான்று, முகக்கவசம் பொருந்துகிறதா என்ற சோதனை. தடுப்பூசிக்கு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் பொதுப் படிவம் ஒன்றைத் தந்திருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் படிவத்தில்தான் வேண்டும் என்று கேட்ட இடங்கள் உண்டு. என் வரிசையில் பதினான்காவதாக இருந்த இடத்திலிருந்து முதல் அழைப்பு வந்தது. சில நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பயத்தில் சம்மதித்தேன். பத்து நாள் கழித்து, அதே தேதிகளுக்கு என் மூன்றாவது இடத்திலிருந்து அழைப்பு. ஒப்புக்கொண்டதை விட்டு விலகினால் நம் கல்லூரியின் பெயர் கெடும், அடுத்த ஆண்டு மாணவர்களைப் பாதிக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். விலகவில்லை.

அந்தப் பதினான்காவது இடத்தில்தான் எட்டுப் பேர் இருந்தோம். இருந்தது ஐந்து ரெசிடென்சி இடம். ஜூலையில் எட்டு, ஆகஸ்டில் எட்டு, செப்டம்பரில் எட்டு என்று நினைத்துப்பாருங்கள். அதிகாலை நான்கேகாலுக்கு உள்ளே நுழைவோம். மூத்தவர்கள் வருவதற்குள் நோயாளிகளின் பட்டியல், இரவில் எடுத்த எக்ஸ்ரே, ரத்த முடிவுகள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வெள்ளை அங்கியின் பைகளில் கட்டுத்துணி, டேப், கத்தரி பிதுங்கிக்கொண்டிருக்கும். யார் கேட்டாலும் எடுத்துக்கொடுப்பதில் எட்டுப் பேருக்கும் போட்டி. ஓர் அறுவை சிகிச்சைக்கு மாணவர் இருவருக்குமேல் இடமில்லை. மற்ற ஆறு பேர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடைவழியில் நிற்போம். இரண்டாவது வாரம் உடை மாற்றும் அறையில் ஒரு ரெசிடென்ட் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கள் கல்லூரியிலிருந்தே இந்த ஆண்டு நான்கு பேர் கேட்கிறார்கள். உனக்குத் தெரியுமா?" தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? அதன் பிறகும் இரண்டு வாரம் அதே நான்கேகாலுக்குப் போனேன். விண்ணப்பத்தில் விருப்பத்தைக் காட்டத் தரும் 30 சிக்னல்கள் எலும்பியலுக்கு வந்த முதல் ஆண்டு அது. அதில் ஒன்றையும் அந்த இடத்துக்கே கொடுத்தேன். நேர்முகத்துக்கு அழைப்பும் வரவில்லை, இல்லை என்ற கடிதமும் வரவில்லை.

வெளி ரொட்டேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவதாகப் போனது ஒரு சிறிய மருத்துவமனை. அந்த மாதம் நாங்கள் இருவர்தான். விபத்தில் தொடை எலும்பு முறிந்து வந்த ஒரு முதியவருக்கு நள்ளிரவில் இழுவை எடை கட்டும்போது, மூத்த ரெசிடென்ட் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு காலை, எக்ஸ்ரேயைக் காட்டி நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். நான் சொன்னது தவறு. ஏன் தவறு என்று பத்து நிமிடம் விளக்கினார்கள். ஐந்தாண்டு இவர்களோடு இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த மாதத்தில் எனக்கு விடை கிடைத்தது. அவர்களுக்கும் என்னைப் பற்றிக் கிடைத்திருக்க வேண்டும். இன்று மூன்றாம் ஆண்டு ரெசிடென்டாக அங்கேதான் இருக்கிறேன்.

இப்போது மேசையின் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். விண்ணப்பித்த மாணவர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடும் கூட்டத்தில் எங்களையும் கேட்கிறார்கள். நான்கு வாரம் உழைத்த ஒரு மாணவரைப் பற்றி அறையில் பேசப்படுவது சில நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. "நல்ல பையன்." "கொஞ்சம் அமைதி." அவ்வளவுதான், அடுத்த பெயர். நிறைய பேர் வந்த மாதத்தில் இது இன்னும் சுருங்கும். தூரத்திலிருந்து விண்ணப்பித்திருந்தால் நேர்முகத்துக்கு வந்திருக்கக்கூடிய ஒருவர், மூன்றாவது வாரத்தின் களைப்பில் ஒரு நாள் தடுமாறியதால் பட்டியலில் கீழே போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளி ரொட்டேஷன் உயர்த்துவது போலவே இறக்கவும் செய்யும். அதை மாணவர்களிடம் நாம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

மாணவர்களின் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகளின் விருப்ப வரிசையையும் பொருத்தி ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முறை எப்படிப் பிறந்தது என்று நினைத்துப்பாருங்கள். 1940களில் மருத்துவமனைகள் முந்திக்கொண்டு மாணவர்களைப் பிடிக்கப்போய், அழைப்புக்குச் சில மணி நேரத்தில் பதில் கேட்கும் நிலை வந்தது. அந்த அவசரத்தை ஒழிக்கத்தான் 1952இல் எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவு என்ற முறை வந்தது. 1998 முதல் நடப்பில் இருக்கும் கணக்கீட்டு முறையில், மாணவர் தன் உண்மையான விருப்ப வரிசையைத் தைரியமாக எழுதலாம். அதனால் இழப்பு வராது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வளவு கவனமாகக் கட்டிய வீட்டுக்குள் நுழையும் வாசலில் மட்டும் பழைய 1940கள் அப்படியே இருக்கின்றன. ஆளுக்கொரு தேதி, சில நாள் கெடு, எண் தெரியாத சீட்டு.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. பொங்கல் வரிசையில் சொன்னதை உங்கள் மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியிலிருந்து எத்தனை மாணவர்கள் ரொட்டேஷனுக்கு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை நேர்முகத்துக்கு அழைத்தீர்கள், எத்தனை பேர் உங்களிடம் மேட்ச் ஆனார்கள், உங்கள் சொந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர். இந்த எண்கள் உங்கள் ஒருங்கிணைப்பாளரின் மேசையில் ஏற்கெனவே இருக்கின்றன. வந்த எல்லோருக்கும் நேர்முகம் உறுதியா, இல்லையா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. தெரிந்து வருவது வேறு, தெரியாமல் வருவது வேறு.

மாதத்துக்கு எத்தனை பேர் என்பதையும் குறையுங்கள். அறுவை அரங்கில் நிற்க இடமிருக்கும் அளவுக்கு மட்டும் அழையுங்கள். கோவிட் காலத்தில் 2020 கோடையில் வெளி ரொட்டேஷன்கள் பெரும்பாலும் நின்றன; 2021இல் ஆளுக்கு ஒன்று போதும் என்ற பரிந்துரை வந்தது. அந்த ஆண்டுகளிலும் எலும்பியல் இடங்கள் ஏறக்குறைய முழுவதும் நிரம்பின. நீங்கள் எடுத்த ரெசிடென்ட்கள் சோடைபோனார்களா? அவர்களில் சிலர்தான் எனக்கு இன்று கற்றுத்தருகிறார்கள். ஒருவருக்கு இரண்டு என்று ஒரு வரம்பு வந்தால், சொந்த எலும்பியல் ரெசிடென்சி இல்லாத கல்லூரியில் படிப்பவர்களுக்கு இடம் கிடைக்கும். புதிய கல்லூரிகள் பலவற்றிலும், ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றிலும் அதுதான் நிலை. எனக்கு அது ஒரு கூடுதல் வாய்ப்பு. அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க இருக்கும் ஒரே வழி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கடன் வாங்கிப் படித்து முடிக்கும் மருத்துவ மாணவரின் கடன் சாதாரணமாக 2 லட்சம் டாலர் அளவில் இருக்கிறது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் கிடையாது. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் என்று உச்ச வரம்பு. கல்விக் கட்டணமே அந்த ஆண்டு வரம்பைத் தாண்டும் கல்லூரிகள் இருக்கின்றன. இனி வரும் மாணவர், ஊர்விட்டு ஊர் போய் ஒரு மாத வாடகை கொடுத்து, கார் எடுத்து, சம்பளமில்லாமல் வேலை செய்யப் பணத்துக்கு எங்கே போவார்? சில மருத்துவமனைகள் தெரிந்தெடுத்த மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அதைப் பரவலாக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஊரில் இருக்கும் ரெசிடென்ட்களின் வீடுகளில் காலியாக உள்ள அறைகளைக் கேட்டு ஒரு பட்டியல் வைப்பது உங்களால் முடியும். எங்கள் இடத்தில் சென்ற ஆண்டு அப்படி மூன்று பேர் தங்கினார்கள்.

சென்னையிலும் மதுரையிலும் படித்து முடித்துவிட்டு வருபவர்கள் இதற்கும் வெளியே நிற்கிறார்கள். பட்டம் வாங்கிய பின் பெரும்பாலும் பார்வையாளராக நிற்க மட்டுமே அனுமதி. அது தனி மடலுக்குரிய செய்தி, இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

சென்ற வாரம் எங்கள் ரெசிடென்சித் திட்டத்தின் மூன்று ஆண்டு எண்களை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கித் தொகுத்தேன். ஒரு மாலை போதுமானதாக இருந்தது. இயக்குநரிடம் கொடுத்தேன். முதலில் தயங்கினார், எண்களைப் பார்த்தால் மாணவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று கேட்டார். வரக் கூடாதவர்கள் வராமல் இருப்பது நமக்கும் நல்லதுதானே என்றேன். மாத இறுதிக்குள் பக்கத்தில் போடச் சம்மதித்திருக்கிறார்.

இந்தக் கோடைக்கான விண்ணப்பங்களை மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் முடிவெடுக்கும் முன் உங்கள் எண்களும் வெளிவர வேண்டும். நான் தொகுத்த தாளின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். நான்கு வரிகள்தான் இருக்கின்றன.

அன்புடன்,
ஒரு மூன்றாம் ஆண்டு எலும்பியல் ரெசிடென்ட்