அது எலி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆஸ்திரேலிய விலங்குகள் கட்டுரையில் மவுண்டன் பிக்மி போசத்தைப் ‘பனியில் வாழும் எலி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பார்வைக்கு எலி மாதிரிதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கங்காருவுக்குச் சொந்தம். வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம்.

எடை சுமார் 45 கிராம். உடம்பைவிட வால் நீளம், அதைக் கொண்டே கிளையைப் பற்றிக்கொள்ளும். சாம்பலும் பழுப்புமான முடி, கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மலையுச்சிகளில் பாறைகள் சரிந்து குவிந்த இடுக்குகள்தான் அதன் வீடு. 1895இல் ராபர்ட் புரூம் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியது புதைபடிவ எலும்புகளைப் பார்த்து. அழிந்துபோன இனம் என்றே நம்பியிருந்தார்கள். 1966இல் ஹோதம் மலையில், பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் தங்கும் குடிலில், உயிரோடு ஒன்று அகப்பட்டது!

குளிர்காலத்தில் ஏழு மாதம்வரைகூட உறங்கும். மேலே கிடக்கும் பனிதான் போர்வை. அது மெலிந்தால் குளிர் இடுக்குவரை இறங்கிவிடும். வசந்தத்தில் கடும் பசியோடு விழிக்கிறது. அந்த நேரத்தில்தான் போகோங் விட்டில்கள், தெற்குக் குயின்ஸ்லாந்திலிருந்துகூட, ஆயிரம் கிலோமீட்டர்வரை இரவிரவாகப் பறந்து அந்தப் பாறைகளுக்கு வந்து சேர்கின்றன. கொழுப்பு நிறைந்த பூச்சி. தாய்க்குப் பால் ஊறுவது பெரும்பாலும் அதைத் தின்றுதான். நாலு காம்பு, நாலு குட்டி.

2017இலும் அடுத்த ஆண்டும் வறட்சியில் விட்டில் வரத்து அடியோடு குறைந்தது. பல தாய்களின் பையிலேயே குட்டிகள் இறந்து கிடந்தன. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மழையை நம்மால் வரவழைக்க முடியாது. விளக்கை அணைக்க முடியும். மலைக்குப் போகிற வழியில் இந்த விட்டில்கள் நகர வெளிச்சத்தில் மயங்கி நின்றுவிடுகின்றன. கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில் அவை மொய்ப்பது ஊரறிந்த காட்சி. அதனால்தான் இங்கே வசந்தகாலமான செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் தேவையில்லாத வெளிவிளக்குகளை அணைத்துவையுங்கள் என்று விக்டோரியா விலங்குக் காட்சிசாலைகள் மக்களைக் கேட்கின்றன.

மெல்பர்னிலும் கான்பெராவிலும் நம் இதழைப் படிக்கிற குடும்பங்கள் உண்டு. அடுத்த இதழில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள், போசத்தின் படத்தோடு. படத்துக்குக் கீழே எலி என்று மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி, மெல்பர்ன்