சனிக்கிழமைக்குள் க்ளெய்மைத் திற

15 ஜனவரி 2026

அன்புள்ள முரளி,

போகிக்குப் பழையதைத்தான் கழிப்பார்கள். உன் கம்பெனி புதிதாகச் சேர்ந்த உன்னைக் கழித்திருக்கிறது. வருத்தத்தைப் போனில் பேசிக்கொள்ளலாம். இப்போது வேலையின்மை உதவித்தொகை விஷயம் மட்டும், ஏனென்றால் நாளை மறுநாள் சனிக்கிழமை.

கலிஃபோர்னியாவில் இந்த உதவித்தொகையைத் தரும் மாநிலத் துறையான ஈடிடியின் வாரம் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும். எந்த வாரத்தில் விண்ணப்பிக்கிறாயோ அந்த வாரத்தின் ஞாயிறிலிருந்துதான் கணக்கு. தள்ளிப்போட்டால் ஒவ்வொரு வாரமாகப் போகும். பின்தேதியிட்டுக் கேட்கலாம்தான், ஆனால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். மனசு சரியில்லை என்பதையெல்லாம் அங்கே காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீ புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. உன் க்ளெய்ம், அதாவது போன வருடம் வேலை போனபோது போட்ட விண்ணப்பம், 2025 மார்ச் 2 ஞாயிறன்று தொடங்கியது. அதன் ஆயுள் 52 வாரம், அதாவது இந்த பிப்ரவரி 28 வரை. அதுவரை வேறு க்ளெய்ம் போட முடியாது, பழையதையே திறக்க வேண்டும். வேலை கிடைத்ததும் சர்டிஃபை செய்வதை, அதாவது வேலையில்லாத வாரங்களை உறுதிசெய்து அனுப்புவதை, நிறுத்தினாய் அல்லவா, அதனால் அது செயலற்றுக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஈடிடியின் இணையதளமான மைஈடிடியில் நுழைந்து, அதில் வேலையின்மைப் பகுதியான யூஐ ஆன்லைனுக்குப் போனால், ரீஓப்பன் (மறுபடி திற) இணைப்பு இருக்கும். சம்பளச் சீட்டில் உள்ளபடியே கம்பெனி பெயர், முகவரி, சேர்ந்த தேதி, கடைசி நாள், பிரிந்த காரணம், கடைசி வாரத்தின் மொத்தச் சம்பளம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பரிசீலிக்கப் பத்து நாள் வரை ஆகலாம். பணம் வராத முதல் வாரமான ஒரு வாரக் காத்திருப்பைப் போன வருடமே கழித்துவிட்டாய். அதே க்ளெய்முக்கு அது மறுபடி வராது.

சம்பளத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கையில் வந்த வாரத்தில் அல்ல, உழைத்த வாரத்தில் காட்ட வேண்டும், அதுவும் பிடித்தம் போகாத முழுத் தொகையை. ஒரு வாரச் சம்பளத்தில் 25 டாலர் அல்லது கால் பங்கு, எது அதிகமோ அதைத் தள்ளிவிட்டு மீதியை உதவித்தொகையில் கழிப்பார்கள். உனக்கு உதவித்தொகை வாரம் 450 டாலர் என்பதால் 600 டாலரைத் தொட்டாலே அந்த வாரம் பூஜ்யம். ஆக, புதன்வரை வேலை செய்த இந்த வாரத்துக்கு எதுவும் வராது. ஆனாலும் இப்போதே திறந்து வைத்தால் அடுத்த வாரத்திலிருந்து தடையில்லை. தெரிந்தே தவறாகக் காட்டியது நிரூபணமானால், வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அதன் மேல் 30 சதவீத அபராதமும் உண்டு.

செவரன்ஸ், அதாவது நீக்கும்போது கம்பெனி தரும் பணம், முடியட்டும் என்று காத்திருக்காதே. கலிஃபோர்னியாவில் பொதுவாக அதைக் கழிப்பதில்லை. நிரந்தரமாக நீக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் விடுப்புப் பணமும் அப்படியே. நோட்டீசுக்குப் பதிலாகத் தரும் பணம் மட்டும் சம்பளமாகவே கணக்காகும். கம்பெனி தந்த கடிதத்தில் எந்தப் பெயரில் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்.

காரணத்தை எழுதும்போது ரோஷப்படாதே. ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்பு. 'எதிர்பார்த்த அளவு செய்யவில்லை' என்று அவர்கள் எழுதியிருந்தால் அதையே சொல். முயன்றும் வேலை சரிவராமல் போவது ஒழுங்கீனம் ஆகாது. ஈடிடி போனில் விசாரிக்கும். உன் தரப்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மறுத்துவிட்டால், அந்த மறுப்புக் கடிதத்தின் தபால் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. அது நடக்கும்போதும் இரண்டு வாரத்துக்கொருமுறை சர்டிஃபை செய்துகொண்டே இரு. இல்லையென்றால் ஜெயித்தாலும் அந்த வாரங்களுக்குப் பணம் வராது.

எவ்வளவு தேறும்? முழு ஒதுக்கீடு 26 வாரத்துக்கு 11,700. எட்டு வாரத்துக்கு 3,600 எடுத்தது போக 8,100 மீதி. ஆனால் பிப்ரவரி 28க்குள் ஆறு வாரம்தான் இருக்கிறது, 2,700 டாலர். மிச்சம் 5,400 காலாவதி. அநியாயம்தான், ஆனால் சட்டம் அப்படி. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மார்ச் 1 ஞாயிறன்றே புதிய க்ளெய்ம் போடு. முந்தைய க்ளெய்ம் வருடத்துக்குள் வேலை செய்து போதிய சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை; இந்த வேலையில் இருந்த மாதங்கள் அதற்குத்தான் கைகொடுக்கின்றன.

மார்ச்சில் போட்டால் 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை, ஏப்ரலில் போட்டால் 2025 முழுவதும் என்று அடிப்படைக் காலம், அதாவது உதவித்தொகையைக் கணக்கிட அவர்கள் பார்க்கும் சம்பளக் காலம், மாறும். சிலருக்கு ஏப்ரல் வரை பொறுத்தால் லாபம். உன் சம்பளத்துக்கு எந்த வழியிலும் அதே 450தான். அந்த உச்சவரம்பு 2005 முதல் நகரவே இல்லை, வாடகை மட்டும் நகர்ந்தது! புதிய க்ளெய்முக்கு ஒரு வாரக் காத்திருப்பு மறுபடி உண்டு.

மாநில வரி இதற்குக் கிடையாது, மத்திய வரி உண்டு. 10 சதவீதம் பிடிக்கச் சொல்லிவிடு. உன்னோடு நீக்கப்பட்ட, ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் பையன்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அவர்களுக்கு இது பொதுவாகக் கிடைக்காது, வேலை போனபின் நாட்டில் தங்க விடும் 60 நாள் சலுகைக் காலம்தான் அவர்களுடைய கவலை. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு மாநிலக் காப்பீட்டுச் சந்தையான கவர்ட் கலிஃபோர்னியாவில் சேர உனக்கும் அதே 60 நாள்தான், அதையும் இந்த வாரமே பார்.

ரீஓப்பன் படிவத்தில் எங்காவது நின்றால் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பு, பார்க்கிறேன். கீதாவுக்கும் குழந்தைகளுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
சேகர்