ஆலைப் பயிற்சிக்கு ஏற்ற மாதம்

ஆசிரியருக்கு,

தஞ்சாவூரில் டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்கா 2024-இல் திறக்கப்பட்டது மகிழ்ச்சியே. ஆனால் டெல்டாவின் தொழிற்கல்வி மாணவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பயிற்சிக்கூடம் நவீன அரிசி ஆலைதான். நிறம் பார்த்துக் கெட்ட அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர், சென்சார், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி. எல்லாம் அங்கே ஓடுகின்றன.

ஆலையோடு பள்ளி ஒப்பந்தம் போடும்போது மாதத்தைப் பார்க்க வேண்டும். சம்பா நெல் குவியும் பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வும் வந்துவிடும். குறுவை அறுவடைக் காலமான செப்டம்பர், அக்டோபரே தோது.

ஆலை நன்கொடையாகத் தரும் பி.எல்.சி. பலகையோடு 24 வோல்ட் ரிலேக்களும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சுகள்) உதிரியாக வேண்டும். இடையில் ரிலே இல்லாமல், மோட்டாரை இயக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை நேரடியாக பி.எல்.சி.யின் அவுட்புட்டில் இணைத்தால், அதிலுள்ள டிரான்சிஸ்டர் எரிந்துவிடக்கூடும். பழுதுபார்க்க யார் செலவழிப்பது என்று எழுதி வைக்காவிட்டால், பலகை பீரோவுக்குள் போய்விடும். மாணவர்கள் படத்தைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

– தொழிற்கல்வி ஆசிரியர்கள், கும்பகோணம்