இறங்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

தனியார் விமானி உரிமம் கைக்கு வந்துவிட்டது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ விமான நிலையத்தில் துணைநின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே நேரில் வாசித்துச் சொல்கிறேன்.

முதலில் என் பயிற்றுநர். அங்கே ஓடுபாதை 2,443 அடிதான். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை அதில் இறக்கப் பழகும்போது, இறக்கையின் பின்விளிம்பில் கீழே சாய்ந்து விரியும் ஃபிளாப் என்ற பலகைதான் தலையாய பாடம். முதல் 10 டிகிரி பெரும்பாலும் தூக்குவிசையைக் கூட்டும், கடைசி 10 டிகிரி பெரும்பாலும் இழுவையைக் கூட்டும் என்று விளக்கியவர், ஒரே மூச்சில் 30-க்குப் போக ஒருநாளும் விட்டதில்லை. ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில் 10, அதன்பின் குறுக்கே திரும்பும் பேஸில் 20, ஓடுபாதையை எட்டுவது உறுதியானதும் 30. ஒவ்வொரு படியிலும் டிரிம் வைத்து (கையழுத்தம் இல்லாமலே மூக்கு நிலையாக நிற்கும்படி சரிசெய்து), வேகமானி முள் நிலையாக நின்ற பிறகே அடுத்தது. முழு ஃபிளாப்பில் வேகம் ஏறாமலே விமானம் சரிவாக இறங்கும், மூக்கு தாழ்வதால் ஓடுபாதை முழுதும் கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

அவர் சொன்னதில் உயிர் காக்கும் பாடம் ஒன்று உண்டு. தாழ்ந்துவிட்டோம் என்று தோன்றினால் த்ராட்டிலைத் தள்ளி என்ஜின் விசையைக் கூட்ட வேண்டும், ஃபிளாப்பை மடக்கக் கூடாது. மடக்கினால் தூக்குவிசை போய் இன்னும் அமிழும். இறங்காமல் மீண்டும் மேலேறும் கோ-அரவுண்டிலும் முழு பவர் கொடுத்து ஃபிளாப்பை 20-க்குக் கொண்டுவந்து, ஏறத் தொடங்கியதும் 10, அப்புறம்தான் பூஜ்யம்.

வலது இறக்கைக்குள் இருக்கும் ஃபிளாப் மோட்டாரைத் திறந்து காட்டிய மெக்கானிக்குக்கும் நன்றி. இடது ஃபிளாப்பை இழுப்பது அங்கிருந்து போகும் கம்பிவடம்தான். மின்சாரம் போனால் இரண்டும் அசையாது என்பது அன்றுதான் உறைத்தது.

அந்த நிலைக்காகவே லிவர்மோர் விமான நிலையத்தின் 5,000 அடிக்கு மேல் நீண்ட ஓடுபாதையில் ஃபிளாப் இல்லாமல் இறங்கிப் பழகினேன். செஸ்னாவின் 172எஸ் வகைக்கான கையேட்டின்படி அப்போது இறங்க நெருங்கும் வேகம் 9 நாட் (மணிக்குச் சுமார் 17 கி.மீ.) கூடும், இறங்கும் தூரம் 35 சதவீதம் நீளும். சலிக்காமல் சுற்றுக்குச் சுற்று இடம் ஒதுக்கிய கட்டுப்பாட்டுக் கோபுரத்தாருக்கு என் வணக்கம்.

கையேட்டின் அட்டவணைகளை இரவில் கூடவே உட்கார்ந்து விளக்கிய நம்மூர் அண்ணனுக்கும், வார இறுதிகளை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அண்ணா, முதல் பயணி நீங்கள்தான், நாள் மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவன்