மிச்சம் எவ்வளவு?

ஹரோ, லண்டன்
நவம்பர், ஞாயிறு இரவு

அன்பான வசந்தி,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமை. நீ கோவிச்சிருப்பாய், கோவிக்கிறது நியாயம்தான். இஞ்ச எல்லாரும் சுகம். பெரியக்காவின்ர முழங்கால் அப்பிடியேதான், வாயும் அப்பிடியேதான். இனி விசயத்துக்கு வாறன்.

"வீட்டில வைச்சுப் பிள்ளையள் பாக்கிறதுக்கு ஒஃப்ஸ்டெட் சேட்டிபிக்கற் வந்து ஆறு கிழமை, ஒரு குஞ்சுகூடக் கதவைத் தட்டேல்லை, விலையைக் குறைக்கட்டோ" எண்டு எழுதியிருக்கிறாய். குறைக்காதை. உன்ர விலையைப் பாத்து வேண்டாம் எண்டு போக முதல்ல ஆரும் உன்னைக் கண்டிருக்க வேணும். நீ அங்க மிச்சம் எண்ட ஊரில இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை.

பிள்ளை பாக்கிறவையைப் பதிஞ்சு சோதிக்கிறது ஒஃப்ஸ்டெட்தானே, அவையின்ர தளத்தில உன்ர பதிவைத் தேடிப்பார். பெயரும் விலாசமும் வெளியில காட்டச் சம்மதம் குடுக்காட்டி அங்க இலக்கமும் ஊரும் மட்டும்தான் நிக்கும். சம்மதத்தைப் பிறகும் மாத்தலாம். அடுத்தது உங்கட மேர்ட்டன் கவுன்சிலின்ர குடும்பத் தகவல் சேவை. பிள்ளை பராமரிப்பைப் பற்றிப் பெற்றாருக்குத் தகவல் குடுக்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின்ர கடமை. ஆனா "இடம் இருக்கு" எண்ட பகுதியை நீதான் நிரப்பவேணும். தானா ஏறும் எண்டு நினைச்சு இராதை. ஒவ்வொரு தவணையும் போய்த் திருத்து. பழைய திகதி கிடந்தா "இவவிட்ட இடம் நிரம்பிப்போச்சு" எண்டு நினைச்சு அடுத்த பெயருக்குப் போயிடுவினம்.

காசு வாற வழியையும் இப்பவே திறந்து வை. வேலைக்குப் போற பெற்றாருக்கு 2025 செப்டெம்பரில இருந்து ஒன்பது மாதப் பிள்ளைக்கே கிழமைக்கு 30 மணித்தியாலம் அரசாங்கம் குடுக்குது. நீ கவுன்சிலோட அதுக்கெண்டு ஒப்பந்தம் வைக்காட்டி அந்தக் காசு உன்னட்ட வராது. இந்த அரசாங்க மணித்தியாலத்தைத்தான் ஃபண்டட் அவேர்ஸ் எண்டுறது. பெற்றார் முதல் கேக்கிற கேள்வியே "ஃபண்டட் அவேர்ஸ் எடுக்கிறியளோ" எண்டதுதான், இல்லை எண்டால் அதோட போன் வைச்சிடுவினம். ரக்ஸ்-ஃப்றீ சைல்ட்கெயாரும் அதே கதை. பெற்றார் அதுக்கெண்டு திறந்த கணக்கில 8 பவுண் போட்டா அரசாங்கம் 2 பவுண் போடும், ஒரு பிள்ளைக்கு மூண்டு மாதத்துக்கு 500 பவுண் வரைக்கும். நீ உன்ர பக்கத்தால பதிஞ்சிருந்தாத்தான் அவை அந்தக் கணக்கில இருந்து உனக்குக் காசு அனுப்பலாம். யூனிவேர்சல் கிரெடிட், அதுதான் வருமானம் குறைஞ்சவைக்கு அரசாங்கம் தாற உதவிக்காசு, எடுக்கிறவைக்குச் செலவில 85 வீதம் வரை திரும்பக் கிடைக்கும், அதுக்கு உன்ர பதிவு இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு வேணும்.

ஒண்டு வடிவா விளங்கிக்கொள். 30 மணித்தியாலம் எண்டது வருசத்துக்கு 38 கிழமைக்கு. மொத்தம் 1140. வருசம் முழுக்கப் பரப்பி 51 கிழமைக்குக் குடுத்தா கிழமைக்கு 22 சொச்சம்தான் வரும். "முப்பது எண்டு சொன்னியளே" எண்டு ஏப்ரலில சண்டைக்கு வருவினம், அதால முதல் நாளே தாளில எழுதிக் காட்டு. அந்த மணித்தியாலங்களுக்கு மேல்கட்டணம் வாங்க ஏலாது. சாப்பாட்டுக்கும் டயப்பருக்கும் கேக்கலாம், கட்டாயப்படுத்த ஏலாது. இன்னுமொண்டு, ஜனவரித் தவணைக்குப் பெற்றார் டிசம்பர் 31க்குள்ள அந்த மணித்தியாலத்துக்கு அரசாங்கம் தாற கோட் இலக்கத்தை எடுத்திருக்க வேணும். பிறகு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா உறுதிப்படுத்தவும் வேணும். அதை மறக்கிறது அவையள், கையில காசில்லாமல் நிக்கிறது நீ. உன்ர காலண்டரிலயும் குறிச்சு வை.

நீ சேட்டிபிக்கற் எடுத்த காலமும் பிழை, அதுக்கு ஆரையும் குறை சொல்ல ஏலாது. செப்டெம்பரில நாலு வயசுப் பிள்ளையள் எல்லாம் பள்ளிக்கூடத்தின்ர முதல் வகுப்பான றிசெப்ஷனுக்குப் போக, உன்னை மாதிரி வீட்டில பிள்ளை பாக்கிற சைல்ட்மைண்டர்மாருக்கு இடம் காலியாகும், அந்தநேரம் பெற்றாரும் தேடுவினம். ஒக்ரோபரில சந்தை கலைஞ்சிடும். இனி அசைவு வாறது ஜனவரிக்கு. அதுக்குப் பிறகு ஏப்ரல் 16, ஆருக்கு எந்தப் பள்ளிக்கூடம் எண்டு தெரியவாற நாள். அண்டைக்கு இரவே தாய்மார் "பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு ஆர் கூட்டிக்கொண்டு வாறது" எண்டு தேடத் தொடங்குவினம். உன்ர விளம்பரம் ஏப்ரல் 10க்கு முன்னம் நிக்கவேணும்.

விளம்பரத்தைப் பாத்தன். எடியே, "அன்பும் அரவணைப்பும் நிறைந்த இல்லச் சூழல்" எண்டு கலியாணக் காட் மாதிரி ஏன் எழுதினனி? எல்லாரும் அதைத்தான் எழுதுகினம். தாய் ஒருத்தி பஸ்ஸில நிண்டுகொண்டு போனில வாசிக்கிறாள், அவளுக்கு வேண்டியதை எழுது. மிச்சம் ஈஸ்ட்ஃபீல்ட்ஸ் ஸ்டேசனுக்கு எத்தனை நிமிச நடை, ட்ராம் எது, காலமை எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவாய், என்ன வயசுக்கு எத்தனை இடம், எந்தத் திகதியில இருந்து. வீட்டில நாய் பூனை இல்லை எண்டதையும் போடு. தெருப்பெயர் காணும், வீட்டு இலக்கம் வேண்டாம். மற்றவையின்ர பிள்ளையளின்ர படம் போடவே கூடாது. தமிழ் கதைப்பன் எண்டதை ஏன் ஒளிச்சனி? வீட்டுமொழியைப் பிள்ளை பாவிக்க வழி செய்யவேணும் எண்டு ஒஃப்ஸ்டெட் பாக்கிற சட்டகத்திலயே இருக்கு. அதை நாங்கள் வெக்கப்பட்டு மறைக்கிறம்.

நீ ரூட்டிங்குக்குப் பக்கத்தில இருக்கிறாய். சென் ஜோர்ஜஸ் ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் காலமை ஏழரைக்கு ஷிப்டில நிக்கவேணும். நேர்சரியள் கனக்க ஏழரைக்கோ எட்டுமணிக்கோதான் திறக்கும். நீ ஆறே முக்காலுக்குத் திறந்தியெண்டால் உனக்குப் போட்டியே இல்லை. அரசாங்க மணித்தியாலத்தையும் காலமை 6க்கும் இரவு 8க்கும் இடையில குடுக்கலாம், ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல ஏலாது. ஆனா றோஸ்ற்றர் மாறும். "இந்தக் கிழமை செவ்வாய், அடுத்த கிழமை வெள்ளி" எண்டு வருவினம். அதுக்குக் குறைஞ்ச நாள்க் கட்டணம் ஒண்டு எழுதி, றோஸ்ற்றர் நாலு கிழமைக்கு முன்னம் கையில தரவேணும் எண்டு போடு.

எல்லாத்துக்கும் மேல, பக்கத்துச் சைல்ட்மைண்டர்மாரோட பழகு. போட்டிக்காரர் எண்டு ஒதுங்காதை. ஒவ்வொருத்தியும் ஒரு வயசுக்குக் கீழ ஒரு பிள்ளையைத்தான் வைச்சிருக்கலாம், அந்த இடம் நிரம்பினால் அடுத்து வாற தாயைத் திருப்பி அனுப்பத்தான் வேணும். அப்ப உன்ர நம்பரைக் குடுக்கட்டும். நூல்நிலையத்தில பாட்டுப் பாடுற மணித்தியாலத்துக்கும் தாய்மார் சின்னப் பிள்ளையளோட கூடுற ரொட்லர் குறூப்புக்கும் கிழமைக்கு இரண்டு தரம் போய் இரு. முதலாவது பிள்ளை கனபேருக்கு அந்த வழியாலதான் வாறது.

இப்ப கணக்கு. வாசிக்காமல் தாண்டாதை, நீ கணக்குப் பாடத்தில செய்யிற மாதிரி.

ஒரு தாளில கட்டம் கீறு. ஐஞ்சு வயசுக்குக் கீழ உனக்கு மூண்டு இடம், ஐஞ்சு நாள், ஆகப் பதினைஞ்சு கட்டம். எட்டு வயசுக்குக் கீழ மொத்தம் ஆறு பேர், அதில உன்ர சின்னவனும் ஒராள். அவனுக்கு ஆறு வயசுதானே, அவனையும் எண்ணத்தான் வேணும். ஆக மூண்டு சின்னன், சின்னவன், பள்ளிக்கூடம் விட்டு வாற இரண்டு பேர், அவ்வளவுதான்.

முதலாவதா கதவைத் தட்டிற குடும்பம் செவ்வாய், புதன், வியாழன் கேக்கும். இப்ப எல்லாரும் திங்களும் வெள்ளியும் வீட்டில இருந்து வேலை. நீ ஆசையில ஓம் எண்டிடுவாய். மணிக்கு 7 பவுண் எண்டு வைச்சுப் பார், பத்து மணித்தியாலம், ஒரு நாள் 70. மூண்டு நாள் 210. திங்களும் வெள்ளியும் மட்டும் வேணும் எண்டு ஆரும் லேசில வாறேல்லை, அந்தக் கட்டம் இரண்டும் வெறுமனே கிடக்கும். கிழமைக்கு 140 பவுண். இரண்டாவது குடும்பமும் அதே மூண்டு நாள் கேட்டால்? மிச்சம் எவ்வளவு எண்டு டீச்சர் கேக்க நீ யன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டியே, அதே கேள்விதான். மிச்சத்திலயே இருந்துகொண்டு இன்னும் விடை சொல்லாமல் நிக்கிறாய்.

அதால முதல் இரண்டு இடத்துக்கும், ஐஞ்சு நாள், இல்லாட்டி திங்களோ வெள்ளியோ ஒண்டு சேந்த மூண்டு நாள் எண்டு வை. மூண்டாவது இடத்தில விட்டுக்குடுக்கலாம். முதலாவதில விட்டுக்குடுத்தியோ பிறகு வாறவை எல்லாரும் அதுக்கு ஏற்றமாதிரித்தான் பொருந்தவேணும்.

வயசுக் கணக்கும் பார். பதினொரு மாதப் பிள்ளை வந்தா ஒரு மாதத்தில அது ஒண்டைத் தாண்டும், குழந்தை இடம் திரும்பவும் திறக்கும். ஐஞ்சு மாதப் பிள்ளையை எடுத்தா ஏழு மாதத்துக்கு அந்த இடம் பூட்டு. மூண்டு வயசுப் பிள்ளை செப்டெம்பரில பள்ளிக்கூட நேர்சரிக்குப் போனாலும் போகும். ஒரு வயசுப் பிள்ளை ஒழுங்கா வந்தா மூண்டு வருசம் நிக்கும். ஆக, ஆர் போன் எடுத்தாலும் முதல்ல கேக்கவேண்டியது பிறந்த திகதி. பிறகு நாளும் நேரமும், எப்ப தொடங்கவேணும், கோட் இருக்கோ, மூத்த பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம். விலையைக் கடைசியாச் சொல்லு, சொல்லிப்போட்டு அதோட நிப்பாட்டு. "கொஞ்சம் குறைக்கலாம்" எண்டு நீயே துவங்காதை. அவை ஐஞ்சாறு பேருக்கு மெசேச் போட்டிருப்பினம், முதல்ல பதில் சொன்னவளின்ர வீட்டுக்குத்தான் முதல்ல வருவினம். பிள்ளையள் நிக்கேக்க கதைக்க ஏலாட்டி "இண்டைக்கு இரவு எட்டரைக்கு எடுக்கட்டோ" எண்டு ஒரு வரி போடு.

பள்ளிக்கூடப் பிள்ளையள் சுகமா வருவினம், அதிலயும் ஒரு குழி இருக்கு. ஒரு பள்ளிக்கூடத்தோட நில்லு. இரண்டும் பத்து நிமிச வித்தியாசத்தில விட்டால் உன்னால ஏலாது, அந்நேரம் குழந்தையும் நித்திரையா இருக்கும். மழையில இரட்டைத் தள்ளுவண்டிலோட ஓடிப்பார், தெரியும். தவணைக்கை மூண்டு மணித்தியாலக் காசு தாற பிள்ளை ஓகஸ்ரில பத்து மணித்தியாலம் நிக்கும். அதுக்கு இடமும் விலையும் இப்பவே எழுது.

வீடு பாக்க வாற நாளுக்கு முதல் நாள் மீன் பொரிக்காதை. சிரிக்காதை, உண்மை. நித்திரைகொள்ளுற இடம், படிக் கேற், சமையலறைப் பூட்டு, இதுகளைத்தான் பாப்பினம். ஒரு ஃபைலில குற்றப்பதிவு பாத்துத் தாற டி.பி.எஸ் தாள், முதலுதவி, காப்புறுதி, சேட்டிபிக்கற் நாலையும் போட்டு மேசையில வை. இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் வரேல்லை எண்டதைக் கேக்க முதல் நீயே சொல்லு, ஒளிச்சாத்தான் சந்தேகம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஒவ்வாமையை எங்க எழுதி வைச்சிருக்கிறாய் எண்டு காட்டு. ஒரு வயசுக்குக் கீழ தேன் இல்லை, ஐஞ்சுக்குக் கீழ முழுக் கச்சானோ கஜுவோ இல்லை, கிரேப்ஸ் நீட்டுவாக்கில வெட்டித்தான் எண்டு சொல்லு. அதைக் கேட்ட தாயின்ர முகம் மாறுறதைப் பார். பாத்துப் போனவைக்கு அண்டிரவே ஒரு வரி போடு. எழுத்தில ஒப்பந்தமும் முற்பணமும் வராமல் இடத்தைப் பிடிச்சு வைக்காதை. நாலு கிழமை நோட்டீஸ், பிந்தி வந்தா கால் மணிக்கு எவ்வளவு, நீ வருத்தம் எண்டால் என்ன, அவை லீவில போனால் என்ன, எல்லாம் அதில நிக்கவேணும்.

வசந்தி, இனி எழுதிறதைப் பகிடியா எடுக்காதை. கோயிலடியில, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நீ துவங்கினது பரவினவுடன எங்கட ஆக்கள் வருவினம். "கணக்கில போடாமல் கையில காசு தாறம்", "ஒரு பிள்ளை கூட, மூண்டு மணித்தியாலம்தானே", "எங்களுக்குள்ள என்னத்துக்கு எழுத்து". எண்ணிக்கைக்கு மேல ஒரு பிள்ளை நிக்கேக்க ஒண்டு விழுந்து தலை உடைஞ்சால், உன்ர காப்புறுதி கை விரிக்கும், பதிவும் போகும். அந்தப் பிள்ளையின்ர தாயே முதல் ஆளா முறைப்பாடு எழுதுவா. பவா மாமி வந்து அழுதாலும் இல்லை எண்டு சொல்லு. அவவுக்குச் சொல்ல ஏலாட்டி என்னைக் காட்டு, நான் சொல்லுறன், எனக்கு ஏற்கனவே அவவிட்ட நல்ல பேர் இல்லை.

கட்டத்தைக் கீறி வட்ஸ்அப்பில அனுப்பு. புதன் இரவு எட்டரைக்குப் பிறகு எடு.

அன்புடன்,
மலர்

பி.கு: இரண்டு பேர் பக்கத்தில பக்கத்தில இருக்கிற தள்ளுவண்டில் ஒண்டு இஞ்ச சும்மா நிக்குது, 76 சென்ரிமீற்றர் அகலம். உன்ர முன்வாசலைக் கதவு முழுக்கத் திறந்து, கைபிடி முட்டுற இடத்தில வைச்சு அளந்து எழுது. போகாட்டி முன்னுக்குப் பின்னால இருக்கிறதைத்தான் தேடவேணும்.