ஸ்டாக்ஹார்னின் காய்ந்த இலையை உரிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு தோட்டப் பக்கத்தில் மான்கொம்புப் பெரணி பற்றி வந்த குறிப்பைப் படித்ததும் மனசு பதறிவிட்டது. நர்சரிகளில் ஸ்டாக்ஹார்ன் என்று விற்கிறார்களே, அதேதான். அடியில் காய்ந்துபோன இலைகளை உரித்துவிட்டால் செடி சுத்தமாக இருக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து உடனே திருத்தம் போடுங்கள். நான் அப்படி உரித்துத்தான் இரண்டு கை அகலத்துக்கு வளர்ந்திருந்த செடியைப் பறிகொடுத்தேன்.

எங்கள் வீடு மார்த்தாண்டத்துக்குப் பக்கம். இந்தப் பக்கம் மரங்களில் முடவாட்டுக்கால் என்ற பெரணி தானாகவே ஒட்டி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீளமான பச்சை இலை வேறு, அடியில் சருகு மாதிரி மரத்தை ஒட்டி நிற்கும் குட்டை இலை வேறு. அந்தச் சருகை யாரும் பிடுங்குவதில்லை, மேலேயிருந்து விழும் குப்பையை அதுதான் பிடித்து வைத்து மக்கவைத்து வேருக்குக் கொடுக்கிறது. ஸ்டாக்ஹார்னும் அப்படித்தான். நாம் கட்டி மாட்டும் பலகையோடு தட்டு மாதிரி ஒட்டும் இலை பச்சையாக வந்து, பிறகு பழுப்பாகி, அப்படியே நின்றுவிடும். அதற்குப் பின்னால்தான் வேர் முழுக்க இருக்கிறது. ஈரத்தைக் காப்பதும் செடியைப் பிடித்து நிறுத்துவதும் அந்தக் காய்ந்த தட்டுதான்.

வீட்டில் ஒரு விசேஷம், வருகிறவர்கள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மாசி மாதத்தில் அடுக்கடுக்காக உரித்து எடுத்தேன். வேரும் பிய்ந்து வந்தது. சித்திரை வெயிலுக்குள் நடுக்குருத்து கருகிவிட்டது.

சரி, பக்கக்கன்று வரும் என்று காத்திருந்தேன், வரவேயில்லை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரியில் 'கிராண்டே' வகை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், கன்று நிறைய வெடிக்கும் என்றும் சொன்னார்கள். அப்புறம் பழைய போட்டோவைப் பார்த்தால், மான்கொம்பு மாதிரி பிரிந்து நிற்கும் கொம்பு இலை ஒவ்வொன்றின் அடியிலும் வித்துத்தூள் (பெரணிக்கு விதை மாதிரி) திட்டு ஒன்றே ஒன்றுதான். கிராண்டேக்கு இரண்டு இருக்கும், அது பிலிப்பைன்ஸ் செடி. என்னுடையது ஆஸ்திரேலியாவின் சூப்பர்பம் என்ற வகை. 1970-இல்தான் அதற்குத் தனிப் பெயர் வைத்துப் பிரித்தார்கள், அதனால் இன்னமும் பெயர் மாறித்தான் விற்கிறது. இரண்டுமே கன்று விடாது. ஒரே குருத்து, அது போனால் செடியே போச்சு, மறுபடி வித்துத்தூளிலிருந்துதான் வருஷக்கணக்கில் வளர்க்க வேண்டும். கன்று விடுவது பைபர்கேட்டம் என்ற சாதாரண வகை. புதிதாக வளர்ப்பவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

அந்த வித்துத்தூள் திட்டைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயில்லை, விட்டுவிடுங்கள். இலைமேல் வெள்ளையாக இருப்பதும் தூசி இல்லை, ஈரம் போகாமல் காக்கும் மெல்லிய ரோமம், துணியால் துடைக்காதீர்கள்.

எங்கள் ஊருக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பெரிய வகை செடிக்குக் குருத்தில் தண்ணீர் கோத்து நின்றால் அழுகிவிடும், அதனால் கிழக்கு இறவாரத்துக்குக் கீழே, காற்றோட்டமாக, காலை வெயில் மட்டும் படும்படி மாட்டுங்கள். கட்டுவதற்குத் தேங்காய்க் கதம்பையை நன்றாக ஊறப்போட்டு உப்புக் கழுவிப் பயன்படுத்தலாம். செம்புக் கம்பி வேண்டாம், பெரணிக்கு ஆகாது, நைலான் நரம்பு போதும். சின்னச் செடியென்றால் பலகையைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். வளர்ந்த செடி நனைந்தால் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத பாரம் இருக்கும், ஆணியை நம்பாமல் சங்கிலி போட்டு உத்திரத்தில் மாட்டுங்கள்.

இப்போது என்னிடம் ஒரு பைபர்கேட்டமும், வாங்கி ஒரு வருஷமான உள்ளங்கை அளவு சூப்பர்பமும் இருக்கின்றன. சூப்பர்பத்தின் முதல் தட்டு இலை இந்த மாதம்தான் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் குறிப்பை நம்பி வேறு யாராவது கத்தியை எடுப்பதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் வாசகி